கெடில்ஸ்டன் மாளிகை: வரலாறும் கட்டடக்கலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெடில்ஸ்டன் மாளிகை எங்கே இருக்கிறது? தமிழ் வாசகர்கள் அதை அறிந்துகொள்ள என்ன காரணம்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பி நகரத்துக்கு வடமேற்கே சில மைல் தொலைவில், ஏரிகளும் ஆடுகள் மேயும் புல்வெளிகளும் சூழ்ந்த பெரும் பூங்காவின் நடுவே கெடில்ஸ்டன் மாளிகை நிற்கிறது. இன்று நாம் காணும் கட்டடம் 1759-ஆம் ஆண்டு எழத் தொடங்கியது. அதைக் கட்டிய கர்சன் குடும்பத்தினரோ 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த மண்ணுக்கு உரியவர்கள். 1905-இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த வைசிராய் கர்சன் பிரபு பிறந்த வீடு இதுதான். அந்தப் பிரிவினைக்கு எதிராக மூண்ட சுதேசி உணர்ச்சி, மறு ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கும் அளவுக்குத் தெற்கிலும் பரவியதால், கர்சன் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. ஆயினும் இந்த மாளிகையின் புகழ் அவரால் வந்ததல்ல. அவர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது கட்டடக்கலை ஆர்வலர்கள் தேடிவந்து பார்க்கும் இடமாகிவிட்டிருந்தது.

இத்தகைய மாளிகை அரண்மனையா, கோட்டையா, பண்ணை வீடா?

மூன்றும் அல்ல. பரந்த நிலத்துக்கு உரிமையாளரான பிரபுக் குடும்பம், குத்தகை வருமானத்தைக் கொண்டு, தன் நிலத்தின் நடுவே எழுப்பிக்கொண்ட இருப்பிடமே இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை. லண்டனில் நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் குடும்பம் அங்கே இருக்கும். மற்ற காலத்தில் இங்கே வந்து, அண்டை நிலக்கிழார்களையும் அரசியல் நண்பர்களையும் விருந்துக்கு அழைத்துத் தன் செல்வாக்கைப் பேணிக்கொள்ளும். எனவே வீட்டின் அளவும் தோற்றமும் அரசியல் பேச்சின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டன. கெடில்ஸ்டன் இந்தப் போக்கின் உச்சம் என்றே சொல்லலாம். காட்டுவதற்காகக் கட்டிய பகுதியும் வாழ்வதற்காகக் கட்டிய பகுதியும் இவ்வளவு வெளிப்படையாகப் பிரிந்து நிற்கும் வீடுகள் குறைவு.

இதைக் கட்டியவர் யார்? முன்பிருந்த வீடு என்ன ஆனது?

சர் நத்தேனியல் கர்சன் 1758-இல் தந்தையின் உடைமைகளைப் பெற்றபோது முப்பத்திரண்டு வயதை ஒட்டியவர். ஓவியங்களையும் பழங்கால ரோமானியக் கலையையும் பெரிதும் நேசித்தவர். அவருக்குக் கிடைத்த வீடு, 1700-ஐ ஒட்டிச் செங்கல்லால் கட்டப்பட்டு இன்னும் உறுதியாக இருந்த ஒன்று. அதை இடித்துவிட்டுத்தான் அவர் புதியதைத் தொடங்கினார். டார்பிஷயரில் அன்று செல்வாக்கு மிக்க குடும்பம் சாட்ஸ்வொர்த் மாளிகையில் வாழ்ந்த டெவன்ஷயர் கோமகன்களுடையது. அவர்கள் விக் கட்சியினர், கர்சன்களோ அதற்கு எதிரணியான டோரி கட்சியினர். சாட்ஸ்வொர்த்துக்கு ஈடு கொடுக்கும் ஒரு மாளிகை தம்முடையதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது. 1761-இல் அவர் ஸ்கார்ஸ்டேல் பிரபுவாக உயர்த்தப்பட்டார். அப்பட்டம் வரும்போது வீடு பாதி எழுந்திருந்தது.

ஒரே வீட்டுக்கு மூன்று கட்டடக் கலைஞர்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றனவே, யாருடைய படைப்பு இது?

அடித்திட்டம் மேத்யூ பிரெட்டிங்ஹாமுடையது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பல்லாடியோ வரைந்த மொச்சேனிகோ மாளிகைத் திட்டத்தைப் பின்பற்றி, நடுவே ஒரு பெரிய கட்டடம், நான்கு மூலைகளிலும் நான்கு துணைக் கட்டடங்கள், அவற்றை நடுக்கட்டடத்தோடு இணைக்கும் வளைந்த நடைகூடங்கள் என்று அவர் வகுத்தார். துணைக் கட்டடங்களில் முதலாவதைக் கட்டும் பணியையும் அவரே தொடங்கினார். விரைவிலேயே ஜேம்ஸ் பெயின் அவர் இடத்துக்கு வந்து வட முகப்பின் பணியை முன்னெடுத்தார். இதற்கிடையில் இத்தாலியில் பயின்று 1758-இல் திரும்பியிருந்த இராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்து இளைஞரின் வரைபடங்களைக் கர்சன் கண்டார். அவற்றைப் பார்த்ததும் கர்சன் திகைத்துப்போனதாக ஆடமே பெருமிதத்துடன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதலில் பூங்காவின் சிறு கட்டடங்களுக்கான பொறுப்பு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. 1760 வாக்கில் முழு வீடும் அவர் கைக்கு வந்துவிட்டது.

முன்னவர்களின் திட்டத்தை ஆடம் அடியோடு மாற்றவில்லை. எழுந்திருந்த சுவர்களையும் வட முகப்பின் பொது அமைப்பையும் ஏற்றுக்கொண்டு, உள் அலங்காரத்திலும் தென் முகப்பிலும் தம் முத்திரையைப் பதித்தார். ஆகவே, எலும்புக்கூடு பிரெட்டிங்ஹாமும் பெயினும் தந்தது, முகமும் உள்ளமும் ஆடம் தந்தவை என்று பிரித்துப் புரிந்துகொள்வதே நியாயம். வழிகாட்டிகள் சிலர் முழுப் புகழையும் ஆடமுக்கே சூட்டிவிடுவது பெயினுக்கு இழைக்கும் அநீதி.

வட முகப்பும் தென் முகப்பும் ஏன் இருவேறு கட்டடங்கள் போலத் தெரிகின்றன?

வட முகப்பு கட்டுப்பாடானது. நடுவில் கொரிந்திய பாணியில் ஆறு தூண்கள் தாங்கும் முகமண்டபம், அதன்மேல் முக்கோண நெற்றி, இருபுறமும் வளைந்து சென்று துணைக் கட்டடங்களில் முடியும் நடைகூடங்கள் என்று எல்லாம் பல்லாடியோவின் இலக்கணப்படி அமைந்துள்ளன. வண்டியில் வந்திறங்கும் விருந்தினரை மிரட்டி அமர்த்துவதற்கான முகம் இது.

தோட்டத்தைப் பார்க்கும் தென் முகப்பில் ஆடம் வேறொரு வழியில் சென்றார். ரோமாபுரியில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை அவர் வீட்டின் நடுச்சுவரில் கொண்டுவந்து பொருத்தினார்: சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் நான்கு தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை, மேலே தாழ்வான குவிமாடம், கீழே இருபுறமும் வளைந்து இறங்கும் படிக்கட்டு. கட்டடத்தின் பகுதிகள் முன்னே வந்தும் பின்னே ஒதுங்கியும், உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்தால், அசையாத கல்லுக்கும் அசைவு வந்துவிடும் என்பது ஆடமின் கொள்கை. குவிமாடத்தின் வளைவு, அதற்கு எதிர்த்திசையில் படிக்கட்டின் வளைவு, இடையே தூண்களின் நிழல்கள் என அந்தக் கொள்கையை இங்கிலாந்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சுவர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பக்கம் முற்றுப்பெறவில்லை. தெற்கே வரவேண்டிய இரண்டு துணைக் கட்டடங்களும் கட்டப்படாமலே நின்றுபோயின. அதனால்தான் வடக்கிலிருந்து பார்க்கும்போது சிறகு விரித்து நிற்கும் வீடு, தெற்கிலிருந்து பார்க்கும்போது தோள்கள் வெட்டப்பட்டதுபோல் தெரிகிறது.

பளிங்கு மண்டபத்தின் தூண்கள் உண்மையில் பளிங்கா?

இல்லை, அலபாஸ்டர். பளிங்கைவிட மென்மையான, வெளிர் நிறத்தில் இளஞ்சிவப்பும் பழுப்பும் ஓடும் கல் அது. இத்தாலியிலிருந்து வந்ததும் அல்ல. பக்கத்து நாட்டிங்ஹாம்ஷயரில் குடும்பத்துக்குச் சொந்தமான குவாரியில் வெட்டப்பட்டது. வட முகப்பு வழியே நுழைந்ததும் வரும் இந்த மண்டபத்தில் இருபது தூண்கள், ஒவ்வொன்றும் 25 அடி உயரம், இரண்டு வரிசைகளாக நிற்கின்றன. முதலில் அவை வழவழப்பாகவே நிறுத்தப்பட்டிருந்தன. 1770-களில் நின்ற நிலையிலேயே அவற்றின்மேல் நெடுக்குப் பள்ளங்கள் செதுக்கப்பட்டன. அருகில் சென்று பார்த்தால், சிவப்பு நரம்புகள் அந்தப் பள்ளங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்காக ஓடுவதைக் காணலாம். கல்லின் இயற்கையான போக்கும் சிற்பியின் கோடும் ஒன்றோடொன்று முரண்டுபிடிக்கும் அந்த இடமே மண்டபத்துக்கு உயிர் கொடுக்கிறது.

மண்டபத்தின் பக்கச் சுவர்களில் சன்னல்கள் கிடையாது. ஒளி கூரைத் திறப்புகள் வழியே மேலிருந்து இறங்குகிறது. பழைய ரோமானிய வீடுகளில் நடுமுற்றம் இவ்வாறே அமைந்திருந்தது என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. சுவர் மாடங்களில் புகழ்பெற்ற பழஞ்சிலைகளின் சுதைப் பிரதிகள் வைக்கப்பட்டுள்ளன. கூரையின் நுண்ணிய சுதை வேலை ஜோசப் ரோஸ் என்ற கைவினைஞருடையது.

அதை அடுத்துள்ள வட்ட மண்டபத்தின் சிறப்பு என்ன?

நீள்சதுரமான பளிங்கு மண்டபத்தைக் கடந்து நேரே சென்றால் வட்டமான கூடம் ஒன்றுக்குள் நுழைகிறோம். ரோமாபுரியின் பாந்தியன் கோவிலைச் சிறிய அளவில் நினைவூட்டும் அதன் குவிமாடம் 62 அடி உயரம். உச்சியிலுள்ள கண்ணாடி வழியே ஒளி வருகிறது. சிலைகளை வைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட அறை பின்னர் நடனக் கூடமாக மாற்றப்பட்டது. குளிர்காய்வதற்கான இரும்பு அடுப்புகள்கூட இங்கே ரோமானியப் பலிபீடங்களைப் போல வேடமிட்டு நிற்கின்றன. முற்றமும் வட்ட மண்டபமும் ஒரே நேர்க்கோட்டில் அடுத்தடுத்து வரும் இந்த அமைப்பு, ஆடம் 1757-இல் நேரில் சென்று அளந்து வரைந்த, இன்றைய குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரிலுள்ள டயோக்ளீஷியன் பேரரசரின் அரண்மனையை நினைவில் கொண்டு அமைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய மண்டபங்களில் குடும்பம் எப்படி வாழ்ந்தது?

வாழவில்லை என்பதே விடை. குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை வடகிழக்குத் துணைக் கட்டடத்தில் நடந்தது. முதலில் கட்டி முடிக்கப்பட்டதும் அதுவே. நடுக்கட்டடம் விருந்தினருக்கும் பார்வையாளருக்கும் உரியது. அதன் கிழக்குப் பக்கத்து அறைகள் இசை, ஓவியம், இலக்கியம் ஆகிய மூன்று கலைகளுக்கு இசைக்கூடம், வரவேற்பறை, நூலகம் என வகுக்கப்பட்டன. மேற்குப் பக்கம் விருந்தோம்பலுக்கு: உணவுக் கூடம், உயர்ந்த விருந்தினர் தங்கும் படுக்கையறை, அதையொட்டிய உடைமாற்றும் அறைகள். அந்தப் படுக்கையறைக் கட்டிலின் கால்கள் பனையின் அடிமரம்போலச் செதுக்கி மேலே ஓலை விரிந்ததாக முடிக்கப்பட்டுள்ளன. வரவேற்பறையில் ஜான் லின்னெல் செய்த நீண்ட சாய்விருக்கைகளைக் கடல்தெய்வங்களும் கடற்கன்னிகளும் தாங்கி நிற்கின்றனர். பொன்முலாம் பூசிய அவ்வுருவங்களைக் கண்டபின் இருக்கையில் அமரும் துணிவு யாருக்கும் வராது.

சமையலறை வடமேற்குத் துணைக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து வளைந்த நடைகூடம் வழியாக உணவைச் சுமந்து நடுக்கட்டடத்தின் மேற்குப் பக்கத்து உணவுக் கூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீணாக்காதவனுக்குக் குறை வராது என்ற பொருள்படும் வாசகம் அந்தச் சமையலறையின் அடுப்புக்கு மேலே பெரிய எழுத்துகளில் இன்றும் உள்ளது. இடிக்கத் தேவையில்லாத வீட்டை இடித்துவிட்டு மாளிகை எழுப்பிய குடும்பம், சிக்கனத்தைப் பணியாளரின் கண்ணெதிரே எழுதிவைத்திருப்பது சற்றே நகைப்புக்குரியது.

அக்காலத்தவர் இந்த வீட்டை எப்படிப் பார்த்தனர்?

பெரும்பாலோர் வியந்தனர். 1769-லேயே ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் அச்சிட்ட பட்டியல் வந்துவிட்டது; தொலைவிலிருந்து வருவோர் தங்குவதற்கு விடுதி ஒன்று கட்டப்பட்டது; கார்னெட் அம்மையார் என்ற வீட்டு மேற்பார்வையாளர் பல்லாண்டுக் காலம் வந்தவர்களை அழைத்துச் சென்று விளக்கியதால், பணியாளர்களில் அரிதாக அவருக்கென்றே ஓர் உருவப்படமும் வரையப்பட்டது.

வியக்காதவர் அகராதி தொகுத்த அறிஞர் சாமுவேல் ஜான்சன். 1774-இல் வந்தபோது, செலவு தெரிகிறது, மதிநுட்பம் தெரியவில்லை என்ற பொருளில் குறித்துவைத்தார்; படுக்கையறைகள் சிறியவை, இருண்டவை என்றும், சமையலறையின் வெப்பமும் புகையும் வீட்டுக்குள் பரவுகின்றன என்றும் அவர் குறைசொன்னார். 1777-இல் மீண்டும் வந்தபோது, தூண் மண்டபத்தில் நீதிபதிகள் அமரலாம், வட்ட மண்டபத்தை நடுவர் குழுவுக்கு விடலாம், மேலறைகளில் கைதிகளை அடைக்கலாம் என்று கேலி செய்தார். கேலிதான், ஆனால் இது குடியிருக்கும் வீடு அல்ல, பொதுக் கட்டடத்தின் இயல்புடையது என்பதை அவரைப்போல் நறுக்கென்று வேறு யாரும் சொல்லவில்லை. பின்னர் கல்கத்தாவில் நடந்தது அவர் கூற்றை மெய்ப்பித்தது.

மாளிகைக்காக ஓர் ஊரையே அகற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை. பழைய கெடில்ஸ்டன் சிற்றூர் வீட்டை ஒட்டியே இருந்தது. பூங்காவின் காட்சியைக் கெடுக்கிறது என்பதால் 1760-ஐ ஒட்டி அது அப்பால் பெயர்க்கப்பட்டது, அவ்வழியே சென்ற பொதுச்சாலையும் விலக்கப்பட்டது. ஓடையைத் தடுத்து ஏரிகளும் சிற்றருவிகளும் உண்டாக்கினார்கள். அவற்றின்மேல் ஆடம் மூன்று வளைவுகள் கொண்ட பாலத்தையும், கரையில் மீன்பிடி மாடம் ஒன்றையும் அமைத்தார். இயற்கையானதென்று தோன்றும் அந்தப் பசுமை முழுவதும் மண்வெட்டியால் உண்டாக்கப்பட்டது. ஊரில் எஞ்சியது புனிதர் அனைவர் தேவாலயம் மட்டுமே. அதன் ஒரு வாயில் 11, 12-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய நார்மன் காலத்தது. மாளிகையின் பக்கச் சுவரோடு ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு, ஊரில்லாத ஊர்க்கோவிலாக அது நிற்கிறது.

கல்கத்தாவின் அரசு மாளிகை இதன் நகல் என்கிறார்களே?

அடித்திட்டத்தைப் பொறுத்தவரை ஆம். தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி 1799-இல் தொடங்கி 1803-இல் முடித்த அந்த மாளிகையை வடிவமைத்தவர் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் வையட். அவருடைய சிற்றப்பன் முறையினரான சாமுவேல் வையட், கெடில்ஸ்டனில் தச்சுப்பணித் தலைவராகவும் பின்னர் கட்டுமான மேற்பார்வையாளராகவும் இருந்தவர். ஆகவே திட்டம் குடும்ப வழியில் கடல் கடந்தது என்று கருத இடமுண்டு.

நகலில் இருக்கும் வேறுபாடுகளே சுவையானவை. டார்பிஷயரில் பணம் போதாமல் இரண்டோடு நின்ற துணைக் கட்டடங்கள், கல்கத்தாவில் நான்கும் முழுமையாக எழுந்தன. பல்லாடியோவின் எண்ணம் முழு உருப்பெற்றது ஹூக்ளிக் கரையில்தான். அங்கு அவை காற்றை வாங்கி நடுக்கட்டடத்துக்குத் தரும் வாயில்களாகவும் பயன்பட்டன. சமையலறையோ வளாகத்துக்கு வெளியே போய்விட்டது. ஆளுநரின் உணவு தெருவைக் கடந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் செலவுக் கணக்கைக் கண்டு கொதித்தனர். வெல்லெஸ்லி 1805-இல் இந்தியாவைவிட்டுத் திரும்ப நேர்ந்த மனக்கசப்புகளில் இதுவும் ஒன்று. குத்தகைதாரர் கொடுத்த பணத்தில் தொடங்கிய வடிவம், இந்தியாவின் வரிப்பணத்தில் நிறைவெய்தியது என்பதைக் கட்டடக்கலை நூல்கள் பெரும்பாலும் அழுத்திச் சொல்வதில்லை.

கல்கத்தா மாளிகை கட்டி முடிந்து சரியாகத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து, 1899-இல், கெடில்ஸ்டனில் பிறந்து வளர்ந்த ஜார்ஜ் நத்தேனியல் கர்சன் வைசிராயாக அதே மாளிகையில் குடிபுகுந்தார். பிறந்த வீட்டின் நகலில் வாழும் வாய்ப்பு அவருக்கு மிகுந்த பெருமிதம் தந்தது. மின்விளக்கும் மின்தூக்கியும் அங்கே வந்தது அவர் காலத்தில். அது இன்று மேற்கு வங்க ஆளுநரின் இருப்பிடம்.

மயில் ஆடை என்பது என்ன?

1903 ஜனவரியில், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டலுக்காக நடந்த டெல்லி தர்பாரையொட்டி, செங்கோட்டையில் நடந்த நடன விருந்தில் வைசிராயின் மனைவி மேரி கர்சன் அணிந்த ஆடை அது. ஒருகாலத்தில் மயிலாசனம் இருந்த இடத்துக்கு மயில்தோகை ஆடை என்பது கணக்குப் பார்த்துச் செய்த தேர்வு. இந்தியக் கைவினைஞர்கள் பொன், வெள்ளி இழைகளால் தோகை தோகையாக ஜர்தோசி வேலை செய்து பாரிசுக்கு அனுப்ப, அங்கே வொர்த் நிறுவனம் ஆடையாகத் தைத்தது. ஒவ்வொரு தோகையின் கண்ணிலும் மரகதம்போல மின்னுவது கல் அல்ல, பொன்வண்டின் சிறகுறை. உலோக இழையின் காரணமாக ஆடை ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை கொண்டது. கர்சன் திரட்டிவந்த ஆசியப் பொருள்களோடு அது இன்று மாளிகையில் உள்ளது. எந்தப் பொருள் பரிசாக வந்தது, எது விலைக்கு வாங்கப்பட்டது, அதிகாரத்தில் இருப்பவருக்குத் தரப்படும் பரிசு எந்த அளவுக்கு மனமுவந்தது என்ற வினாக்களோடு பார்க்கவேண்டிய தொகுப்பு அது.

கர்சனைப் பழஞ்சின்னங்களின் காவலர் என்று சொல்வது பொருந்துமா?

அரசியலில் அவர்மேல் எவ்வளவு குறை சொன்னாலும் இதில் பொருந்தும். தாஜ்மகால் சீரமைப்புக்கும் 1904-ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அவரே காரணர். நாடு திரும்பியபின் டாட்டர்ஷால், போடியம் ஆகிய இரண்டு பழங்கோட்டைகளைச் சொந்தப் பணத்தில் வாங்கிச் சீரமைத்து, பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு உயில் எழுதிவைத்தார்.

1906-இல் இறந்த மேரிக்காக அவர் தேவாலயத்தில் எழுப்பிய நினைவுக் கூடத்தை ஜார்ஜ் பிரடெரிக் பாட்லி வடிவமைத்தார். அதில் மேரியின் வெண்பளிங்கு உருவமும் பக்கத்தில் கர்சனின் உருவமும் படுத்திருக்கின்றன. பெர்ட்ரம் மெக்கென்னல் செதுக்கிய அவற்றில், தம் உருவம் அங்கே கிடத்தப்பட்டதைக் கர்சன் உயிரோடிருந்தே பார்த்தார். 1925-இல் அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மாளிகை இன்று யாருடையது?

கர்சன் பிடித்ததைக் கர்சனே வைத்திருக்கட்டும் என்பது குடும்பத்தின் பழைய முழக்கம். 20-ஆம் நூற்றாண்டின் வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் அந்த முழக்கத்துக்கு இடம் தரவில்லை. தேசிய பாரம்பரிய நினைவு நிதியத்தின் உதவியோடு 1987-இல் மாளிகையும் பூங்காவும் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தன. குடும்பத்தினர் வாழும் உரிமையுடன் ஒரு பகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேவாலயத்தைப் பராமரிப்பது வேறோர் அறக்கட்டளை.

பார்க்கச் செல்வோர் எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

உள்ளே நுழையும் அவசரத்தை அடக்கிக்கொண்டு, முதலில் ஆடமின் பாலத்தருகே நின்று வட முகப்பை முழுமையாகப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து பார்ப்பதற்கென்றே அது அமைக்கப்பட்டது. பிறகு பளிங்கு மண்டபம், வட்ட மண்டபம், கிழக்கு அறைகள், மேற்கு அறைகள். மேகமூட்டமான நாளில் மண்டபத்துக்குள் ஒளி மங்கலாக இருக்கும் என்பதால், சற்று வெயில் உள்ள நண்பகலைத் தேர்ந்தால் அலபாஸ்டரின் நிறம் எடுத்துக்காட்டும். தென் முகப்பைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தோட்டத்தில் போதிய தூரம் விலகி நின்று பார்த்தால், வராமல்போன இரண்டு துணைக் கட்டடங்களின் இடம் இருபுறமும் வெறும் புல்லாக இருப்பதும் தெரியும். வீடும் அறைகளும் திறந்திருக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால், புறப்படும் முன் நேஷனல் டிரஸ்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது தேவை.